மலைவளைவும் மாறும் ஸ்டியரிங்கும்

போன வாரம் பழைய வேலையிடத்துப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டே இல்லாத கார்கள் வரத் தொடங்கிவிட்டன. நம் கை கொடுப்பது வெறும் கட்டளை. சக்கரத்தைத் திருப்புவது மோட்டார். அப்படி ஒரு காரை ஓட்டிப் பார்த்தவர், "ஒரு மாதிரியா இருக்கு" என்கிறாராம். கணினியை மாட்டிப் பார்த்தால் ஒரு கோளாறும் காட்டவில்லையாம். "அண்ணே, ரிப்போர்ட்ல என்ன போடுறது? ஓட்டுறவருக்குப் பழகலன்னு எழுதி முடிச்சிடலாமா?" என்று கேட்டிருந்தார்கள்.

"எழுதாதே" என்று ஒரு சொல்லில் பதில் போட்டேன். போட்ட பிறகும் மனம் ஆறவில்லை. ஒரு சொல்லில் முடிகிற விஷயமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் சூடாக எழுதுவதாகத் தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும். வேலையில் இருந்த காலத்திலேயே என்னைக் கோபக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு கார் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டயர் கழற்றுவதில் தொடங்கி, சக்கரங்களை நேர்ப்படுத்தும் அலைன்மெண்ட் மேடைக்கு ஏறி, பிறகு ரோட் டெஸ்ட் வேலைக்கு வந்தேன். அதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; கிரீஸ் பட்ட கையும் வாங்கிய திட்டும்தான். ரோட் டெஸ்ட் என்பது வேறு மாதிரி. வாடிக்கையாளர் ஒரு குறை சொன்னால் அவரோடு காரில் ஏறி, சாலையில் போய்ப் பார்த்து, குறை காரிலா, சாலையிலா, ஓட்டுகிற ஆளிலா என்று சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று உள்ளே இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். ஒரு நாள் மாற்றிப் பாருங்கள் என்பேன். யாரும் வர மாட்டார்கள்.

அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் சர்வீஸ் மேலாளர் காதர் அண்ணன். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் பட்டறை முழுவதும் நடந்து வருவார். குரல் உயராது. அவர் கோபமாக இருக்கிறார் என்பது, அவர் நம்மை 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். "மணியம், இங்க வா" என்றால் எல்லாம் நலம். "மணியம், கொஞ்சம் வாங்களேன்" என்றால் தொலைந்தேன்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் வாடிக்கையாளர்தான் ஓட்ட வேண்டும். நாம் பக்கத்தில் உட்கார வேண்டும். கார் நிற்கும்வரை பேசக் கூடாது. மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஓட்டுகிறவர் பயந்து, வழக்கமாக ஓட்டுவதை விட்டுவிட்டு நமக்காக ஓட்ட ஆரம்பித்துவிடுவார். குறை எந்தச் சாலையில் வந்ததோ அதே சாலைக்குப் போக வேண்டும். அன்றைக்குக் காரில் என்ன இருந்ததோ அதெல்லாம் இன்றைக்கும் இருக்க வேண்டும். ஒருமுறை பின்பக்கம் ஏதோ சத்தம் என்று சொன்ன ஒருவரிடம், போன வாரம் ஏற்றிப்போன அரிசி மூட்டையைத் திரும்பவும் வாங்கி ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். அந்த ஆள் முறைத்தபடியே வாங்கி வந்தார். சத்தமும் வந்தது.

இன்னொன்று, 'நார்மல்' என்ற சொல்லை வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது. "அவரு குறைன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்காரு. நீ நார்மல்னா அவரு அப்நார்மலா?" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாறும் ஸ்டியரிங் வந்தது. சாதாரண ஸ்டியரிங்கில் கை எவ்வளவு திரும்பினால் சக்கரம் எவ்வளவு திரும்பும் என்பது எப்போதும் ஒரே கணக்கு. இதில் அந்தக் கணக்கு வேகத்தோடு மாறும். மெதுவாகப் போகும்போது கையைக் கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் நிறையத் திரும்பும். வேகமாகப் போகும்போது அதே அளவு திருப்பினால் சக்கரம் கொஞ்சம்தான் அசையும். இடையில் ஒரு மோட்டார் உட்கார்ந்துகொண்டு கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது பார்த்த நாளிலேயே பிடித்துப்போனது. இதைவிட நல்லது இல்லை என்று கண்டவரிடமெல்லாம் வாதாடினேன்.

வந்த கருத்துகளோ தலையைச் சுற்ற வைத்தன. லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், கடைக்கு எதிரில் இருக்கிற இடுக்கில் ஒரே மூச்சில் காரை நுழைத்துக் காட்டி, "கல்யாணமான புதுசுல கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்ல" என்றார். யார் கேட்டதில்லை என்று நான் விசாரிக்கவில்லை. அக்கரையில் இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து வருகிற ஒரு பெண், காற்றடிக்கும் நேரத்திலும் கார் ஆடாமல் போகிறது என்று மெச்சினார். வெளிநாட்டில் படித்து வந்த ஒரு டாக்டரோ, "ரோடு கைக்குத் தெரியவே இல்லலா, வீடியோ கேம் மாதிரி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார். ஒரே கார், ஒரே ஸ்டியரிங். காதர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூணு பேரும் பொய் சொல்லல" என்று மட்டும் சொன்னார்.

பரமேஸ்வரி அக்கா வந்தது அந்தச் சமயத்தில்தான். வந்தது என்று சொல்லக் கூடாது, அழைத்து வரப்பட்டார். தீவில் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் கணவரோடு இருந்தார். வீட்டைச் சுற்றிச் சாதிக்காய் மரங்கள். கணவர் தனபாலன் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தச் சுத்திகரிப்புக்கு அந்த நேரத்தில் இடம் கிடைத்தது நகரத்து மையம் ஒன்றில்தான். வாரத்தில் மூன்று நாள் அக்காவே மலைப்பாதையில் காரோட்டிக் கூட்டி வந்து, முடிந்ததும் கூட்டிப் போவார். மகன் சரவணன் செபராங் ஜெயாவில் குடியிருந்தான், தொழிற்சாலையில் பொறியாளர். அம்மாவின் பழைய கார் தள்ளாடுகிறதே என்று மாறும் ஸ்டியரிங் வைத்த இந்தப் புதிய காரை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

அந்தக் காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் விளிம்பெல்லாம் சிராய்த்துக் கிடந்தன. சாலையோரக் கல்லில் திரும்பத் திரும்ப உரசிய தடம். வலப்பக்கம் ஒரு கீறல் இல்லை.

"அங்கிள், அம்மாவுக்கு லெஃப்ட் கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருக்கு. அந்தப் பக்கம் சரியா தெரியல போல. ஒத்துக்க மாட்டேங்குறாங்க. நீங்க செக் பண்ணி காடில ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா போதும், நான் பேசிக்கிறேன்" என்றான் சரவணன். காடி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கார்.

"எனக்குக் கண்ணு நல்லா தெரியுது. இந்த காடிதான் உள்ள இழுக்குது" என்றார் அக்கா.

"எங்கம்மா இழுக்குது? நான் ஓட்டுறப்ப இழுக்கலையே."

"உன்னை ஏன் இழுக்குது? என்னைத்தான் இழுக்குது."

விஷயம் காரைப் பற்றியது மட்டும் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அம்மா ஓட்ட முடியாது என்று முடிவானால் பாலிக் புலாவ் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது, அப்பாவுக்கு அங்கேயே மையம் பார்ப்பது என்று சரவணன் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். கெட்ட எண்ணம் இல்லை. பெற்றவர்கள் மலையில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம். அக்காவுக்கோ கார்ச்சாவி போனால் வீடு போனது, மரம் போனது, கணவனைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையும் போனது.

கணினியில் ஒன்றும் இல்லை. அலைன்மெண்ட் ஒரு நூல் பிசகவில்லை. அக்காவோடு ஏறி மலைப்பாதைக்குப் போனேன். பாயா தெருபோங் தாண்டி ஏறி, அந்தப் பக்கம் பாலிக் புலாவ் வரை இறங்கித் திரும்பி வந்தோம். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக ஓட்டினார். ஒரு கல்லையும் தொடவில்லை. இடப்பக்கம் ஓரமாகச் சைக்கிளில் போனவரை எனக்கு முன்பே பார்த்து விலகினார்.

ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. புதுக் காருக்குக் கோயிலில் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும்போது கட்டிவிடுவார்களே, அது. பலர் கட்டுவதுதான். ஆனால் அக்கா ஒவ்வொரு வளைவிலும் அந்தத் துணியை ஓரக்கண்ணால் பார்த்தார். கார் நின்ற பிறகு கேட்டேன்.

"பழைய காடிலயும் இப்படித்தான் தம்பி. துணி மேல இருந்தா நேரா போறேன். இங்க வந்தா சின்ன வளைவு. இந்த இடத்துக்கு வந்தா பாறை வளைவு. கொண்டு வந்து வெச்சிட்டா அப்புறம் அசைக்கக் கூடாது. இந்த மலைய நான் அப்படித்தான் ஓட்டுறேன்" என்று துணி வந்து நிற்கும் இடங்களைத் தொட்டுக் காட்டினார்.

திரும்பி வந்து காதர் அண்ணனிடம் சொன்னேன். கார் சரி, ஆளும் சரி, சக்கரம் மட்டும் சிராய்த்திருக்கிறது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எந்த ரோட்ல உரசுச்சு, எப்ப உரசுச்சு, பக்கத்துல யாரு இருந்தான்னு கேட்டியா?"

"கேட்டேண்ணே. மலை ரோட்ல, அம்மா ஓட்டுறப்பன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"மகன்."

"மகனா ஓட்டுனாரு? மணியம், நீங்க போய் அந்த அக்காகிட்ட கேளுங்களேன்."

'கேளுங்களேன்' என்றுவிட்டார். அன்றைக்கே தொலைபேசியில் அக்காவைப் பிடித்தேன். யோசித்துச் சொன்னார். நகரத்துக்கு வரும்போது உரசியதே இல்லை. வீடு திரும்பும்போதுதான். தனியாகப் போகும்போது இல்லை. கணவர் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

சிகிச்சை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போகிற காரில் நானும் வருகிறேன் என்றேன். சரவணனுக்கு இஷ்டமில்லை. "இன்னும் என்ன அங்கிள் பாக்கணும்? அவங்க ரெண்டு பேருக்கும் எதாச்சும் ஆச்சுன்னா?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பாதி பார்த்துவிட்டு ஒரு மனுஷியின் சாவியைப் பிடுங்கக் கையெழுத்துப் போட நான் தயாராக இல்லை. "நீயும் வா தம்பி, பின்னால உக்காரு. ஒண்ணுமில்லைன்னா நானே உன் பக்கம் பேசுறேன்" என்றேன்.

தனபாலன் அண்ணன் முன்னிருக்கையில், நானும் சரவணனும் பின்னால். சிகிச்சை முடிந்தவர் வெளுத்துப்போய்க் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஏறும்வரை ஒன்றும் இல்லை. உச்சி தாண்டி இறங்கத் தொடங்கியதும் இடது வளைவு ஒன்று வந்தது. அக்கா துணியை அதன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வளைவின் நடுவில் அண்ணனுக்குத் தலை சுற்றியது. "பெலான்லா, பரமு" என்றார். மெதுவாக என்று சொல்ல எங்கள் ஊர் வாயில் முதலில் வருவது அந்த மலாய்ச் சொல்தான்.

அக்கா ஒரு நொடி தாமதிக்கவில்லை. கால் பிரேக்கை அமுக்கியது. இடது கை ஸ்டியரிங்கை விட்டுப் போய்க் கணவரின் தோளைத் தாங்கியது. வலது கை, துணி இருந்த இடத்தை விடாமல் பிடித்திருந்தது. வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் ஸ்டியரிங்கின் கணக்கு மாறியது. கை அசையவில்லை, சக்கரம் மட்டும் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியது. கார் உள்ளே இழுத்தது. கல்லில் சக்கரம் உரசுகிற சத்தம் பின்னிருக்கை வரை கேட்டது.

வேறு யாராவது என்றால் கார் உள்ளே போவதை உணர்ந்ததும் கை தானாகக் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கும். அக்கா வைத்தால் வைத்ததுதான். வலது வளைவிலும் இதேதான் நடந்திருக்க வேண்டும். அங்கே கல்லுக்குப் பதில் சாலையின் நடுக்கோடு இருப்பதால் தழும்பு விழவில்லை. எதிரே லாரி வராமல் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

கார் நின்றதும் நான் வாயைத் திறப்பதற்குள் சரவணன் பேசிவிட்டான். பொறியாளன் இல்லையா, கண்ணால் பார்த்ததும் பிடித்துக்கொண்டான். "ஸ்பீட் குறைஞ்சதும் ரேஷியோ மாறுதும்மா. நீங்க ஒரே இடத்துல புடிச்சிருக்கீங்க, அது நீங்க இன்னும் திருப்புறீங்கன்னு எடுத்துக்குது" என்று என்னைவிடத் தெளிவாக விளக்கினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கண்ணு இல்லம்மா. சாரி" என்றான்.

"அப்ப காடி இழுக்குதுன்னு நான் சொன்னது சரிதானே?" என்றார் அக்கா.

"சரிதாம்மா."

அன்றைக்கு அந்தப் பதிலைக் கேட்டு அக்கா முகம் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

தீர்வு எளிது என்று நினைத்தேன். துணியைப் பார்த்து ஓட்டக் கூடாது, சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டும். வளைவுக்குள் போகும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். துணியை அவிழ்க்கச் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் நாத்திகன் ஆகிவிட்டேன். "சாமிகிட்ட கட்டுனத நீங்க அவுக்கச் சொல்றீங்களா?" என்றார். பிறகு அவரே அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, உள்கண்ணாடியின் தண்டில் கட்டினார். நானும் சரவணனும் மாறி மாறி அவரோடு மலைக்குப் போனோம். பிடிவாதக்காரி. ஒரு வளைவு சரியாக வரவில்லை என்றால் கீழே போய்த் திரும்பி வந்து அதே வளைவை எடுப்பார்.

சில வாரங்கள் கழித்து மூவரும் சர்வீஸ் சென்டருக்கு வந்தார்கள். மாற்றிக்கொடுத்த சக்கர விளிம்புகளில் ஒரு கீறல் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. காதர் அண்ணன்கூட வெளியே வந்து நின்றார்.

"இப்ப எப்படிக்கா இருக்கு ஸ்டியரிங்?" என்று சத்தமாகக் கேட்டேன், நாலு பேர் காதில் விழட்டும் என்று.

"நல்லா ஓட்டுறேன் தம்பி. எனக்கு இது வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. சரவணன் முகம் விழுந்துவிட்டது. ஆசையாக வாங்கிக் கொடுத்த கார். "ஏம்மா? இப்பதான் உரசலையே, பழகிடுச்சே" என்றான்.

"பழகாம சொல்லல. பழகிட்டுத்தான் சொல்றேன். எல்லாத்தையும் வளைவுக்கு முன்னாடியே முடிச்சி வெச்சிக்கணும்ங்குறீங்க. அப்பாவுக்கு எங்க தலை சுத்தும்னு வளைவுக்கு முன்னாடியே எனக்கு எப்படித் தெரியும்? நடுவுல பிரேக் வெச்சா கைய திருத்தணும். ரெண்டு கையும் இதுக்கே போயிடுது. அவர யாரு புடிக்கிறது?"

ஒரு கையால் மலைவளைவில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் வாயிலும் அதுதான் வந்தது. அதற்குள், அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்த தனபாலன் அண்ணன் வாயைத் திறந்தார்.

"இதையே ஓட்டு பரமு. புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கதவப் புடிச்சிக்கிறேன், வீடு வர்ற வரைக்கும் தாங்கிக்குவேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"இத்தன நாளா அப்படித்தானே வந்தீங்க. வாயே தொறக்காம, பல்லைக் கடிச்சிக்கிட்டு. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?"

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த விளிம்புகளில் கீறல் விழாததற்குப் பாதிக் காரணம் நாங்கள் சொல்லிக் கொடுத்தது. மீதி, இந்த மனிதர் வேதனையை விழுங்கிக்கொண்டு வந்தது. அந்த ஸ்டியரிங்குக்காக எத்தனையோ பேரிடம் வாதாடியவன் நான். இன்றைக்கும் அது நல்ல ஸ்டியரிங்தான் என்பேன். ஆனால் அன்றைக்கு அந்த அக்காவிடம் அதைச் சொல்வதற்கில்லை. காதர் அண்ணன் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், பேசாதே என்பதுபோல.

"நீங்க சொல்லணும்" என்றார் அக்கா, கணவரிடம். "தலை சுத்துனா அந்த இடத்துலயே சொல்லணும். சொன்னா நான் மெதுவா போகணும், உங்களப் புடிக்கணும். அதுக்குத்தான் நான் ஓட்டுறேன். இல்லைன்னா இவனோட வீட்டுக்கே போயிருப்பேனே."

சரவணன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வீட்டைப் பூட்டுவது பற்றி அவன் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

"சரிம்மா, மாத்திடலாம். எந்த காடி வேணும்? சொல்லுங்க" என்றான்.

"அப்பாவக் கேளு. பக்கத்துல உக்காந்து வர்றது அவருதானே" என்றார் அக்கா.